மனக்காயம் பேச்சில் வரும்போது: கோச்சுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோச்சிங் என்றவுடன் நம் ஊரில் நீட் வகுப்பும் வங்கித் தேர்வு மையமும்தான் நினைவுக்கு வரும். நான் எழுதுவது வேறொரு தொழிலைப் பற்றி. வேலையிலோ வாழ்க்கையிலோ ஓர் இலக்கை வைத்துக்கொண்டு வருபவருக்கு அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்டும் காது கொடுத்தும் அவரே வழி காணத் துணை நிற்கும் தொழில் அது. சென்னையில் பதினான்கு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். புதிய கோச்சுகளுக்குப் பயிற்சியும் தருகிறேன். ஒவ்வொரு பயிற்சியிலும் உணவு இடைவேளையில் யாராவது ஒருவர் தனியே வந்து, குரலைத் தாழ்த்தி இதையே கேட்கிறார்: “பதவி உயர்வைப் பற்றிப் பேச வந்தவர் திடீரென்று அழுதுவிட்டார். சின்ன வயதில் நடந்ததைச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.” அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ‘வாடிக்கையாளர்’ என்ற சொல் கடையை நினைவூட்டுகிறது. அதனால் ‘வருபவர்’ என்றே எழுதுகிறேன்.

நான் தொழில் வளர்ச்சிக்கான கோச். மனக்காயம் என் அறைக்குள் ஏன் வர வேண்டும்?

வருபவர் தன் ஞாபகங்களை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். அடி, வன்கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம், தாய் தாக்கப்படுவதைப் பார்த்தல் போன்றவற்றில் ஏதேனும் நேர்ந்ததா என்பது கேள்வி. 1998இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது ஒன்றையாவது சந்தித்திருந்தார்கள். அவர்கள் ஏதோ தனிப்பட்ட துயரக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். மருத்துவக் காப்பீடு வைத்திருந்தவர்கள், பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர். நம்மிடம் வருபவர்களும் ஏறக்குறைய அதே வகை மனிதர்கள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. “எது உங்களைத் தடுக்கிறது?”, “அந்தக் கணத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது?” என்றெல்லாம் கேட்பது நம் தொழில். இப்படிக் கேட்பவர் அவர் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லாமலிருக்கலாம். கதவைத் தட்டியது நாம். அது திறக்கும்போது தயாராக இருப்பதும் நம் பொறுப்புதான்.

மனக்காயம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஈழத் தமிழில் ‘மனவடு’ என்று ஓர் அருமையான சொல் புழங்குகிறது. போர் கண்ட மண்ணில் வேரூன்றிய சொல். காயம் ஆறிய பிறகும் வடு தங்கியிருக்கும் என்பதை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

அமெரிக்க அரசின் மனநல நிறுவனம் ஒன்று 2014இல் தந்த விளக்கம் கோச்சுகளுக்குப் பயன்படும். நடந்த நிகழ்வு, அதை அவர் அனுபவித்த விதம், அது விட்டுச்சென்ற விளைவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது அது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கரையில் அதே அலையைப் பார்த்த இருவரில் ஒருவர் சில மாதங்களில் படகை எடுத்திருக்கலாம். மற்றவருக்கு இன்றும் இரவில் மோட்டார் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப்போடலாம். நிகழ்வின் அளவை வைத்து யாருடைய வலியையும் அளக்க முடியாது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்பது இதிலிருந்து ஒருபடி தள்ளி நிற்பது. அது மருத்துவப் பெயர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது. அந்தப் பெயரைச் சூட்டும் தகுதி கோச்சுக்கு இல்லை. “உங்களுக்கு அதுதான் இருக்கிறது போல” என்று பேச்சுவாக்கில்கூடச் சொல்லக் கூடாது.

நம்மவர்கள் இதைப் பெயர் சொல்லிக்கொண்டு வருவதும் அரிது. “நெஞ்சு அடைக்கிறது”, “வயிற்றைப் பிசைகிறது”, “மனசே சரியில்லை”, “தூக்கம் வந்தால்தானே” என்று உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள். அந்தச் சொற்களை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். நம் பாடப் புத்தகச் சொற்களால் அவற்றை மாற்றி எழுதாதீர்கள்.

இது சிகிச்சை தருபவரின் வேலை அல்லவா? உடனே அனுப்பிவிடுவதுதானே சரி?

சிகிச்சை அவர்களுடைய வேலைதான். ஆனால், யாரிடம் முதலில் வாய் திறப்பது என்பதை வருபவர் தீர்மானிக்கிறார். அவர் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். உரியவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்திப் பிரிவுத் தலைவர், நாற்பது வயதைத் தாண்டியவர். பெரிய கூட்டங்களில் எழுந்து பேச வேண்டும் என்பது அவருடைய இலக்கு. மூன்றாவது அமர்வு. “எழுந்து நிற்கும் அந்த நொடியில் உடம்பில் என்ன நடக்கிறது?” என்று கேட்டேன். கைக்கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். எதிரே வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. “ஹாஸ்டல் வார்டன் அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது மேடம். பன்னிரண்டு வயது எனக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். “சொல்லியே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. சொன்னால் கேட்கிறேன். எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில்” என்றேன். அவர் நான்கே வாக்கியங்கள் சொன்னார். தினமும் விழுந்த அடியைப் பற்றி, எந்த விவரமும் இல்லாமல். வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியாது என்றார். “இவ்வளவு காலம் தனியாகவே சுமந்திருக்கிறீர்கள்” என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் கழித்து, “இப்போது இந்த அமர்வை எங்கே கொண்டுபோகலாம்?” என்று கேட்டேன். “இன்றைக்கு இது போதும் மேடம். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவோம்” என்றார்.

அந்த நிமிடத்தில் நான் பதறிப்போய், “இது என் துறை இல்லை, ஒரு டாக்டரைப் பாருங்கள்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முப்பது வருடம் கழித்துத் திறந்த வாய் இன்னொரு முப்பது வருடத்துக்கு மூடியிருக்கும். கேட்டு முடிப்பதற்கு முன்பே அனுப்புவது, கேட்பவரின் பயத்துக்குத்தான் மருந்து. இரண்டு மாதம் கழித்து அவர் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனார். அது அவரே எடுத்த முடிவு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கோச்சிங்கில் கற்றுக்கொண்ட எந்தத் திறன்கள் அந்த நேரத்தில் கைகொடுக்கும்?

சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு 1995இல் தொடங்கப்பட்டது. அது 2019இல் வெளியிட்ட திருத்திய பட்டியலில் எட்டு அடிப்படைத் திறன்கள் இருக்கின்றன. தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்திருப்பீர்கள். இந்த மாதிரி நேரத்தில்தான் அவை எதற்காக என்பது விளங்கும்.

முதலில் ஒப்பந்தம். கட்டணம், கால அளவு ஆகியவற்றோடு அது முடிந்துவிடுவதில்லை. ஒவ்வோர் அமர்விலும், பேச்சு திசை மாறும் ஒவ்வொரு தடவையும், “இதைப் பற்றிப் பேச விருப்பமா? இப்போதா, பிறகா, வேண்டவே வேண்டாமா?” என்று கேட்பதும் ஒப்பந்தம்தான். மனக்காயத்தின் சாரமே ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருக்கு ஏதோ நடந்தது என்பது. அடித்தவர் கேட்டுவிட்டு அடிக்கவில்லை. அலை சொல்லிவிட்டு வரவில்லை. அதனால்தான் அனுமதி கேட்பது இங்கே வெறும் மரியாதையாக நின்றுவிடுவதில்லை. கடிவாளம் தன் கையில் இருக்கிறது என்று அவருடைய உடம்பே உணர்வதற்கு அது வழி செய்கிறது. நான் ஒரேயொரு திறனைத்தான் சொல்லித்தர முடியும் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது அங்கேயே இருத்தல். சொல்வதற்கு எளிது. எதிரே ஒருவர் உடையும்போது நம் மனம் நூறு திசையில் ஓடும்: தண்ணீர் கொடுக்கலாமா, டிஷ்யூ எங்கே, நேரம் எவ்வளவு ஆயிற்று. டிஷ்யூவை அவசரமாக நீட்டுவதுகூடச் சிலருக்கு “அழுகையை நிறுத்து” என்று கேட்கும். பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் பாதம் தரையில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மூச்சு நிதானமாக இருந்தால் அவருக்கும் அது மெல்லத் தொற்றும்.

கேட்பதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சாதாரண அமர்வில் நாம் கதையின் முடிச்சைத் தேடிக் கேட்போம். இங்கே கதையை விட்டுவிட்டு மனிதரைக் கேளுங்கள். குரல் எங்கே மெலிகிறது, எந்தச் சொல்லில் பேச்சு நிற்கிறது, ‘நான்’ என்பது எப்போது ‘அந்தப் பையன்’ ஆகிறது என்பதையெல்லாம் கவனியுங்கள். கவனித்ததை எல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் துக்க வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த உட்கார்தல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே இங்கும் செய்யுங்கள்.

எவற்றைக் கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது?

“அப்புறம் என்ன நடந்தது?” என்பதுதான் முதலில் தவிர்க்க வேண்டிய கேள்வி. உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நண்பர்களுக்குள் அது சரியாக இருக்கலாம். அதிர்ச்சியில் அப்படி இல்லை. பேரிடருக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்லும் முறை 1980களிலிருந்து பல நாடுகளில் பரவியது. பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பின்விளைவைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு நடந்ததை விவரிக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. பார், காது கொடுத்துக் கேள், உதவியோடு இணை என்ற மூன்றைத்தான் சொல்கிறது.

“ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்று தொடங்கும் எதுவும் இங்கே குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும்.

நாம் பெருமையாக நினைக்கும் ஒரு கேள்வியும் இதில் உண்டு: “இந்த அனுபவத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?” திட்டம் தோற்றுப்போன மேலாளருக்கு அது நல்ல கேள்வி. அடி வாங்கிய குழந்தை எதையும் கற்றுக்கொள்வதற்காக அடி வாங்கவில்லை. “நடந்தது நடந்துவிட்டது”, “எல்லாம் நன்மைக்கே”, “விதி” போன்ற ஆறுதல்களையும் விட்டுவிடுங்கள். அவற்றை அவர் உறவினர் வாயால் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே உறைந்துபோனால், அல்லது மூச்சு வாங்கினால்?

அமெரிக்க மனநல மருத்துவர் டேனியல் சீகல் 1999இல் ‘தாங்கும் ஜன்னல்’ என்றொரு கருத்தைத் தந்தார். ஒருவரால் உணரவும் யோசிக்கவும் ஒருசேர முடிகிற எல்லை அது. அதற்கு மேலே போனால் படபடப்பு, வியர்வை, ஓடிவிடலாமா என்ற தவிப்பு. கீழே போனால் வெறித்த பார்வை, மரத்துப்போன குரல், கேள்வி காதில் விழாத நிலை. இரண்டிலும் கோச்சிங் கேள்விக்கு இடமில்லை. கேள்வியை நிறுத்துங்கள். அவர் பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிடுங்கள். “நாம் இப்போது என் அலுவலகத்தில் இருக்கிறோம், இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லலாம். அறையில் பச்சை நிறத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்கலாம். தண்ணீர் டம்ளரைக் கையில் பிடிக்கத் தரலாம்.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வது பலருக்குப் பழக்கமான உத்தி. இந்த நேரத்தில் அதைச் செய்ய வேண்டாம். கண்ணை மூடினால் சிலருக்கு அந்தக் காட்சிதான் தெரியும். தோளைத் தொடவும் வேண்டாம், உங்கள் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

காணொளி வழியாகப் பேசுபவர்கள், முதல் அமர்விலேயே அவர் எங்கிருந்து பேசுகிறார், அவசரமானால் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரை அணைந்துபோன பிறகு தேட முடியாது.

எது என் எல்லை?

இன்றைய வாழ்க்கையில் அந்தக் காயம் எங்கே குறுக்கிடுகிறது, அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்பது வரை உங்களுடையது. காயத்துக்குள் இறங்கி ஞாபகத்தையே மாற்றியமைக்கும் வேலை சிகிச்சை தருபவருடையது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்தும், ஆராய்ந்து பார்க்கப்பட்ட முறைகள் இருக்கின்றன. இரண்டு நாள் பயிலரங்கில் கற்றுக்கொண்டு வந்து முயன்று பார்ப்பது ஆபத்து. கோச்சிங் தொழிலை ஒழுங்குபடுத்த இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. யாரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். அதனாலேயே நம் எல்லையை நாம்தான் காக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

கெட்ட கனவு தொடர்ந்து வருகிறது, தூங்கவோ சாப்பிடவோ வேலைக்குப் போகவோ முடியவில்லை, குடி கூடியிருக்கிறது, ஒவ்வோர் அமர்விலும் பேச்சு அதே இடத்துக்குத் திரும்பி அவர் இன்னும் தளர்ந்து போகிறார் என்றால், கோச்சிங் மட்டும் போதாது.

கைவிட்டுவிட்டேன் என்று அவருக்குத் தோன்றாமல் எப்படி அனுப்புவது?

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது இன்னமும் ஒரு வசைச்சொல். 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் வரலாற்றை ஊர் இப்படிச் சுருக்கிவிட்டது. “அப்படியென்றால் எனக்குப் பைத்தியம் என்கிறீர்களா?” என்ற கேள்வி வாய்வரை வராவிட்டாலும் மனதில் எழும். அதற்குத் தயாராக இருங்கள்.

அந்த உற்பத்திப் பிரிவுத் தலைவரிடம் நான் சொன்னது இதுதான்: “கனவு வந்து விழித்துக்கொள்வதாக மூன்று தடவை சொன்னீர்கள். அதைக் குறைப்பதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. நீங்கள் விரும்பினால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். நம் வேலை நம் வேலையாகத் தொடரும்.” உடனே பதில் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே கேட்டார். காத்திருந்தேன் என்பதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

யாரிடம் அனுப்புகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். மருந்து எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பணவசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அங்கே ‘உளவளத்துணையாளர்’ என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால்?

நேரடியாகக் கேளுங்கள். “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் வரும். “ஆம்” என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். அவர் நம்பும் ஒருவரை அவரோடு சேர்ந்தே அழையுங்கள். மருத்துவமனைக்கோ 14416க்கோ அவர் போய்ச் சேரும்வரை உங்கள் அடுத்த அமர்வு காத்திருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் வழக்கு என்ற பயம் இன்னும் பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

கட்டணம் கட்டுவது நிறுவனம். மனிதவளத் துறை கேட்டால் என்ன சொல்வது?

எத்தனை அமர்வுகள் முடிந்தன, இலக்கு என்ன என்பது மட்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. இதை மூன்று தரப்பும் கையெழுத்திடும் தாளில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

காயம் அந்த அலுவலகத்திலேயே ஏற்பட்டது என்றால் விஷயம் வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் புகார் தர மூன்று மாத அவகாசம் உண்டு. காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தத் தகவல் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். புகார் தருவதா இல்லையா என்பது அவருடைய முடிவு. ஒரு குழந்தைக்குப் பாலியல் வன்கொடுமை நடக்கிறது என்று தெரியவந்தால் மட்டும் அப்படி விட முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் தர வேண்டியது கட்டாயம்.

சிகிச்சையில் இருப்பவருக்குக் கோச்சிங் தொடரலாமா?

அவரும் சிகிச்சை தருபவரும் சரி என்றால் தாராளமாக. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பார்த்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மீண்டும் வாழ்க்கையோடு இணைதல். மூன்றாம் கட்டத்தில் நம் தொழிலுக்கு நிறைய வேலை இருக்கிறது. புது வேலை, பாதியில் விட்ட படிப்பு, மனிதர்களோடு மறுபடி பழகுதல் எல்லாம் அங்கேதான் வருகின்றன.

அவருடைய கதை என்னை விடவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்கிறது.

கேட்கத்தான் செய்யும். உங்களுடைய பழைய காயம் ஒன்றை அது தொட்டிருந்தால் இன்னும் பலமாகக் கேட்கும். மூத்த கோச் ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது, பெயர் விவரம் இல்லாமல், உங்கள் அமர்வுகளைப் பற்றிப் பேசும் ஏற்பாடு வேண்டும். தேவைப்பட்டால் நீங்களும் ஒரு சிகிச்சையாளரிடம் போங்கள். நான் போயிருக்கிறேன். வார்டன் அறையைப் பற்றிக் கேட்ட அன்று மாலை அடுத்த அமர்வை நான் ரத்து செய்தேன். அதன் பிறகு இப்படிப்பட்ட அமர்வுக்குப் பின்னால் அரை மணி நேரத்தைக் காலியாக விடுகிறேன். கீழே இறங்கி, தெருமுனைக் கடை வரை நடந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன்.

அவர் அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசினாரா என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பார்கள். பேசினார். எழுந்து நிற்காமல், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, பதினொரு நிமிடம். அந்த நாற்காலியை அவரே தேர்ந்தெடுத்தார்.